மூன்றாம் பிறைக்கு ஏன் நீலம் பாய்ந்தது?

கேள்வி: மட்டக்களப்புக் கல்லடியில் வாவிக்கரைப் பக்கம் எங்கள் வீடு. கட்டாரில் வேலை செய்யும் அண்ணன் போன வருடம் வரும்போது ஒரு புரொஜெக்டர் கொண்டுவந்து தந்தார். லாம்ப் போட்ட எல்.சி.டி. வகை, பெட்டியில் 3000 லுமென் என்று போட்டிருக்கிறது. ஹோலில் வெள்ளைச் சுவரில் நூறு அங்குலத்துக்குப் படம் விழுகிறது. மற்றச் சுவர்கள் இளம்பச்சை. லப்டொப்பில் இருந்து எச்.டி.எம்.ஐ. வயரில் கொடுக்கிறேன். அம்மாவுக்காக 'மூன்றாம் பிறை' போட்டேன். ஸ்ரீதேவியின் முகம் நீலம் பாய்ந்தது போல இருந்தது. இருட்டுக் காட்சிகளில் ஆட்களையே காணவில்லை. 'நான் தியேட்டரில் பார்த்த படம் இப்படி இல்லை' என்றார் அம்மா. பிரைட்னஸைக் கூட்டினால் படம் முழுக்கச் சாம்பல் பூத்துப்போகிறது. பின்னேரத்தில் போட்டால் இன்னும் மோசம். மெனுவில் உள்ளதையெல்லாம் மாற்றி மாற்றி, முதலில் எப்படி இருந்தது என்பதே இப்போது தெரியவில்லை. வேறு புரொஜெக்டர்தான் வாங்க வேண்டுமா?
வாசகர், கல்லடி

பதில்: தம்பி, வேறு எதுவும் வாங்க வேண்டாம். கையில் உள்ளதை ஒழுங்காக அமைத்தால் போதும். அதற்கு முன், அம்மா சொன்னது சரி என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். அந்தக் காலத்துத் தியேட்டரில் ஃபிலிமுக்குப் பின்னால் எரிந்தது கார்பன் ஆர்க் அல்லது செனன் விளக்கு. செனன் வெளிச்சம் ஏறக்குறைய 5400 கெல்வின், அதாவது நடுப்பகல் வெயிலுக்குக் கிட்டிய வெள்ளை. வீடியோவுக்கு உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட வெள்ளை 6500 கெல்வின், டி65 என்பார்கள். கெல்வின் ஏற ஏற வெள்ளை நீலத்தின் பக்கம் சாயும். உங்கள் மெஷின் 8000, 9000 என்று எங்கோ நிற்கிறது. அம்மா பார்த்த திரைக்கும் உங்கள் சுவருக்கும் இடையில் அவ்வளவு தூரம் இருக்கிறது.

இதற்குக் காரணம் லாம்பிலேயே இருக்கிறது. இந்த வகைப் புரொஜெக்டரில் எரிவது உயர் அழுத்தப் பாதரச லாம்ப். அதில் பச்சையும் நீலமும் தாராளம், சிவப்புத்தான் பஞ்சம். நிறம் சரியாக வரவேண்டுமானால் பச்சையையும் நீலத்தையும் சிவப்பின் அளவுக்கு இறக்க வேண்டும். இறக்கினால் வெளிச்சம் குறையும், பெட்டியில் அச்சடித்த 3000 லுமென் கிடைக்காது. அதனால் டைனமிக், விவிட், பிரசென்டேஷன் போன்ற மோடுகளில் கம்பனிக்காரர் எதையும் இறக்காமல் விட்டுவிடுகிறார்கள். கடையில் பத்து மெஷின் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போது கண்ணை இழுப்பது அதிக வெளிச்சமும் நீலச் சாயலும்தான். விற்பனைக்கு அது உதவும். சிவப்புக் குறைந்த படத்தில் முதலில் அடிபடுவது மனித முகம்.

நமக்கு இதில் ஒரு பழைய பழக்கமும் உண்டு. ஜப்பானில் ரீவிக்கு வெள்ளை 9300 கெல்வின் என்பதே நெடுங்கால வழக்கம். ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது 1982 பெப்ரவரியில். 'மூன்றாம் பிறை' வெளியானதும் அதே மாதம்தான். அப்போது இருந்து வீடுகளுக்கு வந்த பெட்டிகளில் நீலம் கலந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்து, அதுதான் 'கிளியர்' என்று நம் கண் படித்துக்கொண்டது. ஆகவே நான் சொல்வதுபோலப் புரொஜெக்டரை அமைத்த முதல் இரண்டு மூன்று இரவுகள் படம் மஞ்சளடித்தது போல இருக்கும். உடனே ரிமோட்டை எடுக்காதீர்கள். கண் பழகிய பிறகு பழைய அமைப்பைப் போட்டுப் பார்த்தால், அதன் நீலம் உங்களுக்கே பொறுக்காது.

வேறு படம் போட்டிருந்தாலும் இதே பதில்தான். ஆனால் நீங்கள் போட்டது இந்தப் படம் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அதை எடுத்தவர் உங்கள் ஊர்க்காரர். மாமாங்கேஸ்வரர் கோயில் உள்ள அமிர்தகழியில் 1939இல் பிறந்து, மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் படித்து, புனே திரைப்படக் கல்லூரியில் 1969இல் ஒளிப்பதிவு முடித்தவர் பாலு மகேந்திரா. கன்னடக் 'கோகிலா'வுக்கும் 'மூன்றாம் பிறை'க்கும் ஒளிப்பதிவுக்கான இந்தியத் தேசிய விருது வாங்கினார். 'முள்ளும் மலரும்', தெலுங்குச் 'சங்கராபரணம்' இரண்டுக்கும் ஒளிப்பதிவு அவர்தான். முகப்பூச்சைக் குறைத்து, யன்னலால் வரும் வெளிச்சத்தை நம்பி, நம்முடைய மண்ணிறத் தோலை மண்ணிறமாகவே காட்டியவர். அவர் எடுத்த முகத்தை உங்கள் சுவர் நீலமாகக் காட்டினால், அவர் செய்த வேலையில் பாதி அங்கேயே அழிந்துபோகிறது. புரொஜெக்டரைச் சரிப்படுத்துவது என்று நான் சொல்வது இதைத்தான்: நமக்குப் பிடித்த நிறத்தைக் கொண்டுவருவது அல்ல, எடுத்தவர் வைத்த நிறத்தைக் கெடுக்காமல் சுவருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

தோலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கறுத்தவரோ வெளுத்தவரோ, மனிதத் தோலின் நிறச்சாயல் ஏறக்குறைய ஒரே திசையில்தான் விழும். இரத்தமும் மெலனினும் எல்லோருக்கும் பொது, கூடிக் குறைவது வெளிச்சமும் அடர்த்தியும். ஸ்டூடியோக்களில் நிறம் பார்க்கும் வெக்டர்ஸ்கோப்பில் தோலுக்கென்று ஒரு கோட்டையே வைத்திருப்பது அதனால்தான். முகம் சரியாக வந்த மெஷினில் மற்ற நிறங்களும் பெரும்பாலும் பின்னால் வந்துவிடும்.

இனி வேலைக்கு வருவோம். மெனுவில் 'ரீசெற்' கொடுங்கள், நீங்கள் மாற்றியதெல்லாம் போய்த் தொழிற்சாலை நிலைக்கு வந்துவிடும். அந்த எண்களை ஒரு கொப்பியில் எழுதிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். பிறகு பட மோடைச் சினிமா அல்லது நேச்சுரல் என்று வையுங்கள். நிற வெப்பநிலையில் 6500 என்று எண் இருந்தால் அது, இல்லாவிட்டால் 'வோர்ம்'. ஷார்ப்னஸைக் கீழே இறக்குங்கள். எழுத்தின் ஓரத்திலும் முகத்தின் ஓரத்திலும் வெள்ளைக் கோடு ஓடினால் அது இன்னும் கூடுதல். டைனமிக் கொன்ட்ராஸ்ட், ஓட்டோ ஐரிஸ், 'என்ஹான்சர்' என்ற பெயரில் உள்ளவை எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். நீங்கள் ஒன்றை அளந்து வைக்க, அவை காட்சிக்குக் காட்சி அதை மாற்றிக்கொண்டிருக்கும்.

மெனுவை விட்டு இப்போது சுவருக்கு வாருங்கள். வெள்ளைச் சுவர் என்கிறீர்கள். எந்த வெள்ளை? நம் பக்கத்தில் சுண்ணாம்பு கரைக்கும்போது சுவர் பளிச்சென்று இருக்க நீலம் கலப்பது வழக்கம். கடையில் வாங்கும் வெள்ளைப் பெயின்ற்களிலும் நீலம் சாய்ந்தவை, மஞ்சள் சாய்ந்தவை என்று பல உண்டு. ஒரு சோதனை செய்து பாருங்கள். புத்தம் புதிய வெள்ளை ஏ4 தாள் ஒன்றைச் சுவரின் நடுவில் நான்கு மூலையும் ஒட்டுங்கள். ஹோலை இருட்டாக்கி, முழு வெள்ளைப் படத்தைச் சுவரில் விழுத்தி, தாளையும் சுவரையும் சேர்த்துப் பாருங்கள். தாள் இளமஞ்சளாகவும் சுவர் நீலமாகவும் தெரிந்தால், ஸ்ரீதேவியின் முகத்தில் பாய்ந்த நீலத்தில் ஒரு பங்கு சுவருடையது. மெனுவில் என்ன திருகினாலும் அது போகாது. தாள் துல்லியமான அளவுகோல் அல்ல, ஆனால் பெரிய குற்றத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். மருந்து எளிது: அந்தச் சுவரை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, மினுக்கம் இல்லாத, சாயம் கலக்காத மற் வெள்ளை எமல்ஷன் இரண்டு கோற் அடியுங்கள். மினுக்கப் பெயின்ற் வேண்டாம், நடுவில் வெளிச்சம் திட்டாக நிற்கும்.

இளம்பச்சைச் சுவர்களையும் மறக்காதீர்கள். திரையில் பட்ட வெளிச்சம் பக்கச் சுவர்களில் மோதிப் பச்சையை வாங்கிக்கொண்டு மறுபடி திரைக்கே வரும். வெளிச்சமான காட்சிகளில் இது நன்றாகத் தெரியும். திரைக்குப் பக்கத்து இரண்டு சுவர்களிலும் ஆறேழு அடிக்கு அடர்சாம்பல் அல்லது கறுப்புத் திரைச்சீலை தொங்கவிட்டு, படம் பார்க்கும்போது மட்டும் இழுத்துவிட்டால் போதும். சிவப்புச் சீலை, நீலச் சீலை வேண்டாம். அவையும் தங்கள் நிறத்தைத் திரையில் பூசும்.

பின்னேரப் படம் கெடுவதற்குக் காரணம் உங்கள் வாவிதான். கல்லடிக்கரையில் இருந்து பார்த்தால் வாவி மேற்கே. சாயும் வெயில் நீரில் பட்டு யன்னலுக்குள் ஏறி, முகட்டில் அலை அலையாக ஆடிக்கொண்டிருக்கும். நேர் வெயிலை மறைக்கப் போடும் சாதாரண யன்னல் சீலை அதை மறைக்காது, ஏனென்றால் அது கீழிருந்து மேலே வருகிறது. இது செய்யும் சேதத்தைக் கணக்காகப் பாருங்கள். திரையின் வெளிச்சத்தை நிற் என்ற அலகால் அளப்பார்கள். இருட்டறையில் உங்கள் திரையின் வெள்ளை 50 நிற், கறுப்பு 0.05 நிற் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையில் ஆயிரம் மடங்கு. அறைக்குள் வந்த வெளிச்சம் திரையில் ஒரே ஒரு நிற்றைக் கூட்டினால் வெள்ளை 51, கறுப்பு 1.05. ஆயிரம் மடங்கு இருந்தது ஐம்பது மடங்குக்கும் கீழே விழுந்துவிட்டது. வெள்ளையில் நீங்கள் எந்த மாற்றத்தையும் காணமாட்டீர்கள், கறுப்பு மட்டும் செத்துப்போகும். பல இலட்ச ரூபாய் மெஷினும் இந்தக் கணக்கில் இருந்து தப்ப முடியாது. வெளிச்சம் புகாத தடித்த சீலையை யன்னல் சட்டத்தை விட ஓரடி அகலமாக, தரை வரை போடுங்கள். அல்லது பொழுதுபட்ட பிறகு பாருங்கள்.

இருட்டாக்கினால் படம் மங்கிப்போகாதா என்று கேட்பீர்கள். போகாது. நூறு அங்குலப் படம் என்றால் 2.21 மீற்றர் அகலம், 1.25 மீற்றர் உயரம், பரப்பு 2.76 சதுர மீற்றர். டிஜிற்றல் சினிமாவுக்கு வைத்த அளவு 48 நிற். அதை உங்கள் சாதாரண வெள்ளைச் சுவரில் பெற வேண்டியது ஏறத்தாழ 420 லுமென் மட்டும். 3000 என்று எழுதிய மெஷின் சினிமா மோடில் அதன் பாதியைத் தந்தாலும், லாம்ப் பழசாகி அதிலும் பாதி போனாலும், இருட்டறைக்கு இன்னும் மிச்சம் இருக்கும். எனவே லாம்பை 'எகோ' நிலையில் ஓடவிடுங்கள். ஃபானின் சத்தமும் குறையும், லாம்பும் நீடிக்கும்.

அடுத்தது, காணாமல் போன ஆட்கள். இது லப்டொப்புக்கும் புரொஜெக்டருக்கும் இடையில் நடந்த குளறுபடி என்பது என் ஊகம். வீடியோவில் கறுப்பு 16 என்ற எண்ணிலும் வெள்ளை 235 என்ற எண்ணிலும் இருக்கும். கணினி வழக்கமாகக் கறுப்பை 0, வெள்ளையை 255 என்று அனுப்பும். கணினி 0 முதல் அனுப்ப, புரொஜெக்டர் 16தான் கறுப்பு என்று நினைத்தால், 16க்குக் கீழே உள்ள அத்தனை நிழலும் ஒரே கறுப்பாக விழுங்கப்படும். நீங்கள் பிரைட்னஸைக் கூட்டியபோது முழுக் கறுப்பும் சேர்ந்து மேலே ஏறியது, படம் சாம்பல் பூத்தது. லப்டொப்பின் கிராஃபிக்ஸ் அமைப்பில் ஃபுல், லிமிட்டட் என்று இரண்டு இருக்கும். புரொஜெக்டரின் மெனுவில் எச்.டி.எம்.ஐ. வீடியோ ரேஞ்ச் என்ற இடத்தில் நோர்மல், எக்ஸ்பாண்டட் என்றோ, ஃபுல், லிமிட்டட் என்றோ இருக்கும். இரண்டையும் ஒன்றாக்குங்கள். 'ஓட்டோ'வை நம்ப வேண்டாம்.

ஒன்றாக்கியது சரியா என்று பார்க்கப் படம் போடக் கூடாது, சோதனைப் பற்றன் போட வேண்டும். ஏ.வி.எஸ். எச்.டி. 709 என்ற பற்றன் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. நீங்கள் படம் பார்க்கும் அதே பிளேயரில் அதை ஓடவிடுங்கள். கறுப்புக்கான பற்றனில் எண் போட்ட பட்டைகள் மினுங்கிக்கொண்டிருக்கும். 17ஆம் பட்டை கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரிய வேண்டும், 16உம் அதற்குக் கீழும் தெரியக் கூடாது. இதற்குத் திருக வேண்டியது பிரைட்னஸ். அந்தப் பெயருக்கு மாறாக, அது அமைப்பது கறுப்பின் அளவைத்தான். வெள்ளைக்கான பற்றனில் 234 வரை பட்டைகள் தெரிய வேண்டும், அதற்குரியது கொன்ட்ராஸ்ட். ஒன்றை மாற்றினால் மற்றது கொஞ்சம் அசையும், ஆகையால் இரண்டு மூன்று தடவை மாறி மாறிப் பார்க்க வேண்டும். இதைச் செய்யும்போது அறை இருட்டாக இருக்கட்டும், புரொஜெக்டர் அரை மணித்தியாலமாவது ஓடிச் சூடேறியிருக்கட்டும். காமா என்று ஒன்று இருக்கும், கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாயல்களை அமைப்பது அது. முழு இருட்டுக்கு 2.4, யன்னல் வெளிச்சம் கொஞ்சம் தவிர்க்க முடியாவிட்டால் 2.2.

எச்.டி.ஆர். படங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, எப்படியும் அதில் மாட்டுவீர்கள். அவை பெரும்பாலும் 1000 நிற் தரும் திரைக்கென்று செய்யப்பட்டவை. உங்கள் சுவரில் கிடைப்பது அதில் ஒரு சிறு பங்குதான். சாதாரண எஸ்.டி.ஆர். பிரதி இருந்தால் அதையே போடுங்கள்.

கீஸ்ரோனைப் பூச்சியத்தில் வையுங்கள். மேசையில் சரித்து வைத்துவிட்டு மெனுவால் சதுரமாக்கும்போது பனலில் உள்ள புள்ளிகளில் ஒரு பகுதி வீணாகி, எழுத்தும் கண்ணிமையும் மங்கும். மெஷினின் உயரத்தை மாற்றித் திரைக்கு நேர் எதிரே நிறுத்துங்கள். லென்ஸ் ஷிஃப்ற் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம், அதனால் புள்ளி எதுவும் வீணாகாது.

இவ்வளவும் செலவில்லாத வேலை, சுவர்ப் பெயின்றையும் சீலையையும் தவிர. இதற்கு மேல் நிறத்தைத் துல்லியமாக்க ஒரு கலரிமீற்றர் வேண்டும். தனியாளாக வாங்குவது கட்டுபடியாகாது. ஆனால் மட்டக்களப்பில் கலியாணப் படப்பிடிப்புச் செய்யும் ஸ்டூடியோக்காரர் சிலர் தங்கள் கணினித் திரைக்கு வைத்திருப்பார்கள். ஒரு நாளைக்கு இரவல் கேட்டுப் பாருங்கள், அதோடு ஓடும் எச்.சி.எஃப்.ஆர். மென்பொருள் இலவசம். முக்காலியில் பூட்டி, திரைக்கு ஒரு முழத் தூரத்தில், அதன் நிழல் அளக்கும் இடத்தில் விழாதபடி கொஞ்சம் சரித்து வையுங்கள். மெனுவில் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு 'கெயின்' என்றும் 'ஒஃப்செற்' என்றும் இருக்கும். கெயின் வெளிச்சமான பக்கத்துக்கு, ஒஃப்செற் இருண்ட பக்கத்துக்கு. 80 வீத வெள்ளையில் கெயினையும் 30 வீதத்தில் ஒஃப்செற்றையும் மாற்றி, மூன்று நிறமும் சமமாகும் வரை போங்கள். டெல்ற்றா-ஈ என்ற பிழை எண் 3க்குக் கீழே வந்தால் நிறுத்தலாம், அதற்குக் கீழே உள்ள வித்தியாசம் படம் ஓடும்போது கண்ணுக்குப் பிடிபடாது. மீற்றர் இல்லாமல் கெயினையும் ஒஃப்செற்றையும் தொடவே வேண்டாம். கண் ஐந்து நிமிடத்தில் எந்த வெள்ளைக்கும் பழகிவிடும், அதை வைத்து வெள்ளையை அளக்க முடியாது.

எல்லாம் முடிந்த பிறகு அம்மாவைக் கூப்பிட்டு 'மூன்றாம் பிறை'யைப் போடுங்கள். ஊட்டிப் பக்கத்துப் பனியில் நீலமோ பச்சையோ இல்லாமல் வெறும் சாம்பல் தெரிய வேண்டும். கடைசியில் கேத்தி ரயில் நிலையத்தில் மழையும் சேறுமாக வரும் காட்சியில், கமலின் முகம் சேற்றில் கலந்துவிடாமல் தோலாகவே நிற்க வேண்டும். ஆனால் பிரதியையும் பாருங்கள். இந்தப் படத்துக்கு இணையத்தில் சுற்றும் பல பிரதிகள் தேய்ந்த பிரின்றில் இருந்தோ பழைய டி.வி.டி.யில் இருந்தோ எடுத்தவை, அவற்றின் நிறம் மெஷினுக்கு வருமுன்பே போய்விட்டது. கிடைப்பதில் மிகத் தெளிவானதைத் தேடுங்கள். பற்றனில் சரியாக நிற்கும் மெஷினில் முகம் பிசகினால் குற்றம் பிரதியுடையது, அதற்காக அமைப்பை மாற்றாதீர்கள்.

வாவிக்கரையில் வைத்திருப்பதால் பராமரிப்பையும் சொல்கிறேன். கச்சான் அடிக்கும் மாதங்களில் மெல்லிய புழுதி காற்று ஃபில்ற்றரில் அப்பிக்கொள்ளும். அடைத்தால் மெஷின் சூடேறும், தூசு பனலில் ஒட்டினால் இருட்டுக் காட்சியில் வட்டமான நிறத்திட்டு மிதக்கும். அந்தக் காலத்தில் மாதம் ஒருமுறை ஃபில்ற்றரைக் கழற்றி மென்மையான தூரிகையால் தட்டுங்கள். வாடைக் காலத்தில் எதிரி ஈரம். லென்ஸில் பூஞ்சணம் பிடித்தால் படம் பால் தெளித்தது போல வெளிறும், பிறகு எந்த அமைப்பும் எடுபடாது. அந்த மாதங்களில் வாரத்துக்கு ஒருமுறையாவது ஒரு மணித்தியாலம் ஓடவிடுங்கள், உள்ளே ஈரம் தங்காது. பொலித்தீன் பையில் கட்டி வைக்க வேண்டாம், மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கதகதப்பான துவாரத்தைத் தேடிப் பல்லியும் கரப்பானும் வரும், அதற்கும் பெட்டிதான் காவல்.

கரண்ட் போகும்போது லாம்பின் சூடு போகாது, ஃபான் மட்டும் நின்றுவிடும். லாம்பின் ஆயுளைக் குடிப்பது அதுதான். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது பட்ட பாடு உங்களுக்கும் நினைவிருக்கும். இப்போது அவ்வளவு இல்லை என்றாலும் மழைக்காலத்தில் சொல்லாமல் போய்விடும். கணினிக்கு வைக்கும் சிறிய யூ.பி.எஸ். ஒன்றைப் புரொஜெக்டருக்குப் பூட்டுங்கள், அதன் வொற்றளவு புரொஜெக்டரின் அளவை விடக் கூடுதலாக இருக்கட்டும். படத்தை முடிக்க அது வேண்டாம். முறைப்படி அணைத்து, ஃபான் லாம்பை ஆற்றி முடிக்கும் அந்த இரண்டு மூன்று நிமிடத்துக்குத்தான்.

லாம்ப் புதிதாக மாற்றினால் முதல் நூறு மணித்தியாலத்தில் அதன் நிறம் வேகமாக மாறும். அதுவரை சும்மா பாருங்கள். நூறு தாண்டிய பிறகு பற்றனைப் போட்டு, கொப்பியில் உள்ள எண்களில் இருந்து மறுபடி தொடங்குங்கள்.